ஒருவருக்கான பழப் பான்கேக்: கோளாறைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

நான்கு பேருக்கான பான்கேக் அளவை நான்கால் வகுத்தால் ஒருவருக்கான அளவு வந்துவிடும் என்றுதான் தோன்றும். மாவுக்கும் பாலுக்கும் அது ஓரளவு பொருந்தும். ஆனால் ஒரு முட்டையைக் கால் முட்டையாக்குவது சுலபமில்லை. பழத்திலிருந்து இறங்கும் நீரும் தவாவின் சூடும் வகுத்தலுக்குக் கட்டுப்படுவதே இல்லை. பெரிய பாத்திரத்தில் ஒரு மேசைக்கரண்டி பால் கூடிப்போனால் யாருக்கும் தெரியாது. 60 கிராம் மாவில் அதே ஒரு கரண்டி, மெதுவாகப் பரவ வேண்டிய கலவையை ஓட வைத்துவிடும். சிறிய அளவில் செய்யும்போது வரும் கோளாறுகளுக்குக் கைப்பக்குவத்தைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. முக்கால்வாசி நேரம் அளவுதான் காரணம், அதிலும் குறிப்பாக நீரின் அளவு.

உங்கள் தவாவில் என்ன நடக்கிறதோ அதற்கான தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அதற்கு முன் அடுத்த இரண்டு பகுதிகளையும் படித்துவிடுங்கள். பின்னால் வரும் திருத்தங்கள் எல்லாம் அந்த அளவை வைத்தே சொல்லப்பட்டவை.

எந்த அளவிலிருந்து தொடங்குவது

மைதா 60 கிராம், சமமாக வழித்த பேக்கிங் பவுடர் 1 தேக்கரண்டி, சர்க்கரை 1 தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. இவை உலர் பொருள்கள். பால் 75 மி.லி., அதாவது 5 மேசைக்கரண்டி. அடித்த முட்டை 25 கிராம், உருக்கிய வெண்ணெய் 2 தேக்கரண்டி. பழம் 40 முதல் 50 கிராம். இதில் உள்ளங்கை அகலத்துக்கு மூன்று பான்கேக் வரும். ஒருவருக்குச் சரியாக இருக்கும்.

சமையல் தராசு இருந்தால் பாதிக் கோளாறு வராமலே போய்விடும். இல்லையென்றால் மாவை அளக்கும் விதத்தில் கவனம் வேண்டும். டப்பாவில் இருக்கும் மாவை முதலில் கிளறித் தளர்த்துங்கள். பிறகு கரண்டியால் அள்ளி அரை கப்பில் போட்டு, கத்தியின் முதுகால் மேலே வழித்துவிடுங்கள். இப்படி அளந்தால் ஏறக்குறைய 60 கிராம் வரும். கப்பையே டப்பாவுக்குள் விட்டு அழுத்தி அள்ளினால் 75 கிராம்கூட வந்துவிடும். தேவையைவிடக் கால் பங்கு அதிகம் என்று அர்த்தம்.

முட்டையைப் பாதியாக்க, முழு முட்டையையும் முள்கரண்டியால் வெள்ளைக்கரு நூல் நூலாகத் தெரிவது மறையும் வரை அடியுங்கள். அதிலிருந்து 5 தேக்கரண்டி எடுத்தால் ஏறக்குறைய 25 கிராம். மீதியை மூடி குளிர்பெட்டியில் வைத்து இரண்டு நாளுக்குள் வேறு எதற்காவது சமைத்துவிடலாம். அடித்து அளக்கப் பொறுமை இல்லையென்றால் மஞ்சள்கருவை மட்டும் போட்டு, பாலை ஒன்றரைத் தேக்கரண்டி கூட்டிக்கொள்ளுங்கள். பான்கேக் இன்னும் மென்மையாகவே இருக்கும். வெள்ளைக்கருவை மட்டும் போட வேண்டாம், வறண்டு ரப்பர்போல ஆகிவிடும்.

ஒரு தேக்கரண்டி சோதனை

கலவை தயாரானதும் முழு பான்கேக்கை ஊற்றிவிடாதீர்கள். ஒரே ஒரு தேக்கரண்டி, பழம் இல்லாமல், தவாவின் நடுவில் ஊற்றுங்கள். ஒன்றரை நிமிடத்துக்குள் அது பல விஷயங்களைச் சொல்லிவிடும். ஓடிப் பரவினால் நீர் அதிகம். குன்றாக நின்றுவிட்டால் கெட்டி. ஒரு நிமிடத்துக்குள்ளேயே அடி கறுத்தால் சூடு அதிகம். குமிழியே வரவில்லை என்றால் பேக்கிங் பவுடரில் பிரச்சினை. வெந்ததும் வாயில் போட்டுப் பார்த்தால் உப்பும் கசப்பும் தெரிந்துவிடும். மூன்றே மூன்று பான்கேக் வரும் அளவில் ஒன்று வீணானாலும் சாப்பாட்டில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அதனால் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே வேண்டாம் என்பேன்.

சோதனைக்குப் பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாவையும் கூட்டி, சூட்டையும் குறைத்துவிட்டால், எது வேலை செய்தது என்று அடுத்த முறை உங்களுக்குத் தெரியாது.

நடுவில் வேகவில்லை, பிசுபிசுவென்று இருக்கிறது

பழப் பான்கேக்கில் அதிகம் வரும் புகார் இதுதான். வேகவில்லை என்று ஒரே வார்த்தையில் சொன்னாலும் இதில் மூன்று வகை உண்டு. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. பான்கேக்கை நடுவில் பிய்த்துப் பாருங்கள்.

வெளியே கரும்பழுப்பாகி, உள்ளே மாவு ஓடுகிறதா? அப்படியானால் சூடு அதிகம். மேற்பரப்பு 140 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பழுப்பு நிறம் வேகமாக ஏறத் தொடங்கும். ஆனால் சூடு அடியிலிருந்து நடுவரை ஏறுவதற்கு நேரம் வேண்டும். தவா 175 முதல் 190 டிகிரிக்குள் இருந்தால் இரண்டும் சேர்ந்தே நடக்கும். வெப்பமானி இல்லையென்றால் கொஞ்சம் வெண்ணெய் போட்டுப் பாருங்கள். நுரைத்து, நுரை அடங்கி, நிறம் மாறாமல் இருந்தால் சரி. போட்டவுடனே பழுப்பானால் அடுப்பைக் குறைத்து இரண்டு நிமிடம் காத்திருங்கள். நீர்த்துளி தெளித்தும் பார்க்கலாம். விழுந்த இடத்தில் சலசலத்து ஓரிரு நொடியில் மறைய வேண்டும். முத்தாக உருண்டு வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தால் தவா தேவைக்கு மேல் காய்ந்துவிட்டது.

நிறம் சரியாக இருக்கிறது, மற்ற இடமெல்லாம் வெந்திருக்கிறது, ஆனால் பழத்தைச் சுற்றி மட்டும் ஈரமான வளையம் இருக்கிறதா? இது பழத்தின் நீர். ஸ்ட்ராபெர்ரியில் 90 விழுக்காட்டுக்கு மேல் நீர். ஆப்பிளில் ஏறக்குறைய 85, மாம்பழத்தில் 83, வாழைப்பழத்தில் 75. அந்த நீரைச் சூடாக்கவே தவாவின் சூடு செலவாகிறது, அதைத் தொட்டிருக்கும் மாவு குளிர்ந்தே கிடக்கிறது. போதாததற்குப் பழத்தை முன்கூட்டியே நறுக்கிச் சர்க்கரை தூவி வைத்தால், சர்க்கரை சாற்றை வெளியே இழுத்துவிடும். அந்தச் சாறு முழுவதும் கலவைக்குள் போய்ச் சேரும்.

இதற்குத் தீர்வு அடுப்பில் இல்லை, நறுக்கும் பலகையில் இருக்கிறது. துண்டுகள் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். வில்லையாக நறுக்கினால் 3, 4 மில்லிமீட்டர் கனம் போதும். நறுக்கியதைச் சுத்தமான துணியில் பரப்பி ஒற்றி எடுங்கள். நன்றாகப் பழுத்த மாம்பழமானால் துண்டுகளை வடிகட்டியில் ஐந்து நிமிடம் வைத்துச் சாற்றைத் தனியே பிடித்துக்கொள்ளலாம், அது மேலே ஊற்ற உதவும். ஆப்பிள், பேரிக்காய் போன்ற கடினப் பழங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. மாவு வெந்த பிறகும் துண்டு நறுக்கென்று பச்சையாகவே இருக்கும். அவற்றைச் சிறிது வெண்ணெயில் மூன்று, நான்கு நிமிடம் வதக்கி ஆறவைத்துச் சேருங்கள். அல்லது துருவிப் பிழிந்து சேருங்கள். எனக்கு வதக்கிய ஆப்பிள்தான் பிடிக்கும். துருவலில் ஆப்பிளின் ருசி மாவுக்குள் கரைந்து காணாமல் போகிறது.

பழத்தின் மொத்த எடை மாவின் எடையைத் தாண்டக் கூடாது. 60 கிராம் மாவுக்கு 50 கிராம் பழம் என்பதே நல்ல தாராளம். இன்னும் வேண்டுமென்றால் வெந்த பான்கேக்கின் மேல் பச்சையாக வைத்துச் சாப்பிடுங்கள், ருசியும் அதில்தான் அதிகம்.

மூன்றாவது வகை: பச்சை மாவு வாசனை இல்லை, ஆனால் முழுவதும் களிபோலத் தொண்டையில் ஒட்டுகிறது. மசித்த வாழைப்பழம் அதிகமானால் இப்படித்தான் வரும். முட்டை சூட்டில் இறுகும், மாவும் இறுகும், மசித்த வாழைப்பழம் அப்படி இறுகாது. எவ்வளவு நேரம் தவாவில் வைத்தாலும் அது கூழாகவே இருக்கும். நடுத்தரப் பழத்தில் பாதி, அதாவது 50 கிராம், இந்த அளவுக்குப் போதும். அதிலேயே 35 கிராமுக்கு மேல் நீர் இருப்பதால், பாலில் 2 மேசைக்கரண்டியைக் குறைத்துவிடுங்கள். மீதிப் பாதிப் பழத்தை வில்லையாக்கி மேலே அடுக்குங்கள்.

தவாவில் இருக்கும்போதே உள்ளே வேகவில்லை என்று தெரிந்தால், தீயை மிகக் குறைத்து ஒரு நிமிடம் மூடி வையுங்கள். மூடியில் சேரும் ஆவி மேற்பரப்பை நமத்துப் போகச் செய்யும். அதனால் மூடியைத் திறந்து இன்னும் அரை நிமிடம் விட்டு எடுங்கள். எடுத்த உடனே வெட்டவும் வேண்டாம். ஒரு நிமிடம் விட்டால் உள்சூட்டிலேயே இன்னும் கொஞ்சம் இறுகும். நடுவில் மாவு ஓடும் நிலையில் சாப்பிட்டுவிடாதீர்கள். பச்சை முட்டையைப் போலவே பச்சை மாவிலும் கிருமி இருக்க வாய்ப்புண்டு. 71 டிகிரியைத் தொட்டால் முட்டை கலந்த பண்டம் பாதுகாப்பானது.

உப்பவில்லை, தட்டையாகக் கிடக்கிறது

முதலில் பேக்கிங் பவுடரைச் சந்தேகியுங்கள். ஒருவருக்காகச் சமைப்பவர் ஒரு தடவைக்கு ஒரு தேக்கரண்டிதான் எடுக்கிறார். டப்பா தீரவே தீராது. திறந்து ஆறு மாதம், ஒரு வருடம் ஆகும்போது காற்றின் ஈரம் உள்ளே போய், பவுடரில் கலந்திருக்கும் சோடாவும் அமிலமும் டப்பாவுக்குள்ளேயே வேலையை முடித்துக்கொண்டிருக்கும். மூடியில் அச்சிட்ட தேதி திறக்காத டப்பாவுக்குத்தான் பொருந்தும். அரைத் தேக்கரண்டியை எடுத்துக் கால் கப் வெந்நீரில் போடுங்கள். உடனே சீறிப் பொங்க வேண்டும். சோம்பலாக இரண்டு குமிழி விட்டால் அந்த டப்பாவை இனி நம்ப வேண்டாம். சமையல் சோடாவைச் சோதிக்க வெந்நீர் போதாது, எலுமிச்சைச் சாறோ வினிகரோ நாலு துளி விட வேண்டும்.

பவுடர் நன்றாக இருந்தால் அடுத்தது நேரம். இன்று கிடைக்கும் பவுடரில் பெரும்பாலானவை இரண்டு முறை வேலை செய்யும். ஈரம் பட்டதும் ஒரு பங்கு, சூடு பட்டதும் மீதி. எனவே கலவையைப் பத்து நிமிடம் ஊறவிடுவதில் நஷ்டமில்லை. ஒரு மணி நேரம் விட்டால் காற்று போய்விடும். சோடாவும் தயிரும் மட்டும் சேர்த்திருந்தால் பத்து நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டாம், கலந்தவுடன் ஊற்றுங்கள்.

கலவை நீர்த்திருந்தாலும் உப்பாது. குமிழி உருவாகும், ஆனால் அதைப் பிடித்து நிறுத்த மாவு இருக்காது. கரண்டியைத் தூக்கினால் கலவை தடித்த நாடாபோல மெதுவாக இறங்க வேண்டும். தவாவில் 3 மேசைக்கரண்டி ஊற்றினால் தானாக 10 சென்டிமீட்டர் அகலத்துக்குப் பரவி நிற்க வேண்டும். அதற்கு மேல் ஓடினால் மாவை ஒவ்வொரு தேக்கரண்டியாகச் சேருங்கள். உறைந்த பழத்தை உருகவிட்டுச் சேர்த்தவர்களுக்கு இது கட்டாயம் நடக்கும். உறைந்த பழத்தை உருகவிடாமல், கடைசி நொடியில் எடுத்துப் போட வேண்டும்.

திருப்பும் நேரமும் முக்கியம். ஓரத்தில் வரும் குமிழி வெடித்து, அந்த ஓட்டை மூடாமல் அப்படியே நிற்க வேண்டும். ஓரத்தின் பளபளப்பும் மங்கியிருக்க வேண்டும். வழக்கமாக இரண்டு, இரண்டரை நிமிடம் ஆகும். மேற்பரப்பு முழுவதும் ஓட்டையாகி உலரும் வரை காத்திருந்தால் காற்றெல்லாம் போய்விட்டது என்று பொருள். மசித்த வாழைப்பழம் சேர்த்த கலவையில் குமிழி குறைவாகவே தெரியும், அங்கே ஓரத்தை மட்டும் நம்புங்கள். திருப்பிய பிறகு கரண்டியால் அழுத்தவே கூடாது.

ரப்பர்போல இழுக்கிறது

அளவுக்கு மீறிக் கலக்கியிருக்கிறீர்கள். மைதாவும் நீரும் சேர்ந்து கிளறக் கிளற குளூட்டன் என்ற புரதம் வலைபோலப் பின்னிக்கொள்ளும். ரொட்டிக்கு அது வேண்டும், பான்கேக்குக்கு வேண்டாம். சிறிய அளவில் இது சீக்கிரமே நடந்துவிடுகிறது. பெரிய பாத்திரத்தில் இருபது முப்பது சுற்றுக்குப் பிறகு நனையும் மாவு, சின்னக் கிண்ணத்தில் பத்துப் பன்னிரண்டு சுற்றிலேயே நனைந்துவிடும். கை மட்டும் பழக்கத்தில் கலக்கிக்கொண்டே இருக்கும். கம்பிக் கலக்கியை எடுக்காமல் முள்கரண்டியைப் பயன்படுத்துங்கள். உலர்ந்த மாவு கண்ணில் படாத நொடியில் நிறுத்திவிடுங்கள். பட்டாணி அளவுக் கட்டிகள் இருக்கட்டும். ஐந்து முதல் பத்து நிமிடம் ஊறினால் அவை தாமாகவே தளரும். பழம் சேர்க்கும்போது கிளறுவதும் கலக்கல்தான், அதையும் கணக்கில் வையுங்கள்.

கோதுமை மாவில் செய்தால் தவிடு அதிக நீரைக் குடிக்கும். பாலை 1 அல்லது 2 மேசைக்கரண்டி கூட்டி, பதினைந்து நிமிடம் ஊறவிடுங்கள். இன்னும் மென்மை வேண்டுமென்றால் மைதாவில் 1 மேசைக்கரண்டியை எடுத்துவிட்டு அதற்குப் பதில் சோள மாவு சேர்க்கலாம். நான் சொல்வது கஸ்டர்டு கெட்டிப்படுத்தப் போடும் வெள்ளை மாவை, மஞ்சள் மாவை அல்ல.

ஆம்லெட்போல முட்டை வாசனை அடிக்கிறது

60 கிராம் மாவில் முழு முட்டை விழுந்திருக்கிறது. வேறு காரணம் இருக்க வாய்ப்பு குறைவு. போட்டுவிட்டீர்கள் என்றால், 30 கிராம் மாவும் அரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் 1 மேசைக்கரண்டி பாலும் சேர்த்து எல்லாவற்றையும் கூட்டிவிடுங்கள். மூன்றுக்குப் பதில் ஐந்து வரும். முட்டையே வேண்டாம் என்பவர்கள் 25 கிராம் முட்டைக்குப் பதில் 2 மேசைக்கரண்டி தயிர் சேர்க்கலாம். பான்கேக் உப்பி வரும், ஆனால் உடையும், அதனால் சிறிதாக ஊற்றுங்கள்.

பழம் உள்ள இடத்தில் ஒட்டிக்கொண்டு கிழிகிறது

பழத்தின் வெட்டுப்பக்கம் நேரடியாகத் தவாவில் பட்டால் சாறு வற்றி, சர்க்கரை பாகாகி ஒட்டிக்கொள்ளும். நான்ஸ்டிக்கிலும் இது நடக்கும். கலவையில் பழத்தைக் கலக்காதீர்கள். முதலில் வெறும் கலவையை ஊற்றி, அரை நிமிடம் கழித்துப் பழத்துண்டுகளை மேலே வைத்து, ஒவ்வொன்றின் மேலும் சில துளி கலவையை விடுங்கள். திருப்பும்போது பழத்துக்கும் தவாவுக்கும் நடுவில் ஒரு மாவுப் படலம் இருக்கும். அந்தப் படலம் போதும், பழம் பிடிக்காது. முதல் பக்கம் முழுவதும் வேகும் வரை பழம் தவாவைத் தொடுவதே இல்லை என்பது கூடுதல் லாபம்.

ஏற்கெனவே ஒட்டிவிட்டதா? இழுக்காதீர்கள். தீயைக் குறைத்து அரை நிமிடம் விட்டால், அடி இறுகித் தானே விடும். மெல்லிய விளிம்புள்ள திருப்பியை ஓரத்திலிருந்து உள்ளே செலுத்துங்கள். எடுத்த பிறகு தவாவில் ஒட்டியிருக்கும் சாற்றுக் கறையை மடித்த காகிதத்தால் துடைத்துவிட்டுத்தான் அடுத்ததை ஊற்ற வேண்டும். அதை விட்டுவைத்தால் கருகி, அடுத்த பான்கேக்கைக் கசக்க வைக்கும்.

இரும்புத் தவாவில் ஒட்டினால் பெரும்பாலும் அது போதிய அளவு காயவில்லை. நான்ஸ்டிக்கில் எங்கும் ஒட்டினால், ஸ்ப்ரே எண்ணெயின் பிசின் படிந்திருக்கலாம், அல்லது பூச்சு தேய்ந்திருக்கலாம்.

முதல் இரண்டில் பழமே இல்லை, கடைசியில் பழம் மட்டும்

கனமான துண்டு அடியில் தங்கும், கரண்டி மேலிருந்து அள்ளும். பழத்தில் மாவு தூவிப் புரட்டினால் தங்காது என்பார்கள். நீர்த்த கலவையில் அதனால் பெரிய மாற்றம் ஒன்றும் வராது. பழத்தைத் தட்டில் மூன்று குவியலாகப் பிரித்து வைத்துக்கொண்டு, மேலே சொன்னபடி தவாவிலேயே போடுங்கள். முடிந்தது.

பச்சையாக, நீலமாக, சாம்பலாக நிறம் மாறுகிறது

புளூபெர்ரியைச் சுற்றிப் பச்சை வளையம் கண்டால் பலர் பழம் கெட்டுவிட்டது என்று தூக்கி எறிகிறார்கள். பழத்தில் ஒரு கெடுதலும் இல்லை. அதன் நிறத்துக்குக் காரணமான ஆந்தோசயனின் புளிப்பில் சிவக்கும், நடுநிலையில் ஊதாவாகும், காரத்தன்மையில் நீலமும் பச்சையுமாகும். பச்சை வளையம் தெரிந்தால் கலவையில் சோடா மிஞ்சியிருக்கிறது, அல்லது பேக்கிங் பவுடர் ஒரே இடத்தில் கட்டியாக நிற்கிறது. உலர் பொருள்களை ஈரம் சேர்ப்பதற்கு முன்பே முள்கரண்டியால் நன்றாகக் கலந்துவிடுங்கள். 1 தேக்கரண்டி தயிரோ சில துளி எலுமிச்சைச் சாறோ சேர்த்தாலும் நிறம் ஊதாவுக்குத் திரும்பும். பச்சை வளையம் வந்த பான்கேக்கைத் தாராளமாகச் சாப்பிடலாம்.

முழுக் கலவையும் சாம்பல் ஊதாவாகிவிட்டால் பழம் கிளறலில் உடைந்திருக்கிறது. வாழைப்பழம் கறுப்பது காற்றுப் பட்டு நடப்பது. கடைசியில் மசித்தால் குறையும்.

கசக்கிறது, சோப்புபோல இருக்கிறது

சோப்பு, உலோகம் போன்ற சுவை என்றால் சோடா மிஞ்சிவிட்டது. சமையல் சோடா பேக்கிங் பவுடரைவிட மூன்று, நான்கு மடங்கு வீரியமானது. ஒன்றுக்கு ஒன்றாக மாற்றிப் போட்டால் சாப்பிட முடியாது. பாலுக்குப் பதில் 75 மி.லி. மோரோ நீர்த்த தயிரோ ஊற்றுகிறீர்கள் என்றால் மட்டும் அரைக்கால் தேக்கரண்டி சோடா சேர்த்து, பவுடரை அரைத் தேக்கரண்டியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். புளிப்பே இல்லாத வெறும் பாலில் சோடா வேண்டாம்.

அடியில் மட்டும் கசந்தால் வெண்ணெய் கருகியிருக்கிறது. வெண்ணெயில் இருக்கும் பால் திடப்பொருள் சீக்கிரம் கருகும். கலவைக்குள் வெண்ணெய் போடுங்கள், தவாவுக்கு நெய்யோ எண்ணெயோ தடவுங்கள்.

அன்னாசி, பப்பாளி, கிவி சேர்த்து, கலவை சிறிது நேரம் நின்ற பிறகு கசப்பு வந்தால் காரணம் வேறு. அன்னாசியில் புரோமலைன், பப்பாளியில் பப்பைன், கிவியில் ஆக்டினிடின் என்று புரதத்தை வெட்டும் நொதிகள் உண்டு. பாலின் புரதத்தை அவை துண்டாக்கும்போது கசப்பான துண்டுகள் உருவாகின்றன. மாவின் புரதத்தையும் விடாது, கலவை தளர்ந்துவிடும். பழத்துண்டுகளைத் தவாவில் இரண்டு, மூன்று நிமிடம் நன்றாகச் சூடேற வதக்கினால் நொதி செயலிழக்கும். டப்பாவில் அடைத்த அன்னாசி ஏற்கெனவே சூடு கண்டது, அப்படியே சேர்க்கலாம், ஆனால் வடித்துவிட்டு. வதக்காமல் வேண்டுமென்றால் சாப்பிடும் நேரத்தில் மேலே வைத்துக்கொள்ளுங்கள்.

கலவை திரிந்துவிட்டது

எலுமிச்சையோ ஆரஞ்சுச் சாறோ பாலில் பட்டால் திரிவது இயல்பு, வெந்தால் தெரியாது. ஆனால் மஞ்சள் துகளாக மிதந்தால் அது வெண்ணெய். குளிர்ந்த பாலில் உருக்கிய வெண்ணெயை ஊற்றியதால் இறுகிவிட்டது. கிண்ணத்தை வெதுவெதுப்பான நீரில் ஒரு நிமிடம் வைத்தால் இளகும். மாவு சேர்ப்பதற்கு முன் இதைச் செய்துவிட வேண்டும்.

முதல் பான்கேக் மட்டும் வெளுத்தோ, திட்டுத் திட்டாகவோ வருகிறது

தவா நடுவில் காய்ந்து ஓரத்தில் குளிர்ந்திருக்கிறது, அல்லது எண்ணெய் குட்டையாக நிற்கிறது. நடுத்தரத்துக்குக் கொஞ்சம் குறைவான தீயில் நான்கு, ஐந்து நிமிடம் காயவிடுங்கள். தீயைக் கூட்டி ஒரு நிமிடத்தில் காய வைத்தால் சூடு சீராகாது. நான்ஸ்டிக்கை வெறுமையாக அதிகச் சூட்டில் விடவும் கூடாது. எண்ணெய் தடவிய பிறகு காகிதத்தால் துடைத்து, மினுமினுப்பு மட்டும் இருக்கும்படி செய்யுங்கள். எண்ணெய் நிறைய இருந்தால்தான் திட்டுத் திட்டாக வரும், ஓரமும் பொரிந்துவிடும்.

ஒருவருக்கு 18 முதல் 20 சென்டிமீட்டர் தவா போதும். சின்ன அடுப்பின் மேல் அகலமான தவாவை வைத்து மூன்றையும் ஒரே நேரத்தில் ஊற்றுவதைவிட, நடுவில் ஒவ்வொன்றாகச் சுடுவது நல்லது.

தட்டில் வைத்ததும் நமத்துப்போகிறது

சூடான பான்கேக்கின் அடியிலிருந்து ஆவி வெளியேற வழியில்லாமல் தட்டில் நீராகப் படிகிறது. கம்பி வலையில் வையுங்கள், ஒன்றின் மேல் ஒன்று அடுக்க வேண்டாம். பழச்சாறு, தேன் எல்லாம் சாப்பிடும்போதுதான். தனியாகச் சாப்பிடுபவருக்கு இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு: அடுத்தது தவாவில் வேகும்போதே முந்தையதைச் சாப்பிட்டுவிடுவது.

மீதமாகிவிடுகிறது

கரைத்த கலவையை நாளைக்கு என்று எடுத்து வைக்க வேண்டாம். காற்றும் போயிருக்கும், பழமும் நீர் விட்டிருக்கும். முழுவதையும் சுட்டு, ஆறவிட்டு, மூடி குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். உறையவைத்தால் ஒரு மாதம். திரும்பச் சூடாக்க, எண்ணெய் இல்லாத தவாவில் மிகக் குறைந்த தீயில் மூடி இரண்டு நிமிடம். மைக்ரோவேவில் அரை நிமிடம் போதும், ஆனால் மாவைவிடப் பழம் கடுமையாகக் கொதித்திருக்கும், கடிக்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

அடிக்கடி செய்பவர்கள் ஈரக் கலவைக்குப் பதில் உலர் கலவையைச் சேமிக்கலாம். 240 கிராம் மைதா, 4 தேக்கரண்டி பேக்கிங் பவுடர், 4 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. சலித்துக் கலந்து, மொத்த எடையைப் பார்த்து நான்கால் வகுத்து அந்த எண்ணைப் பாட்டிலின் மேல் எழுதி ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு தடவையும் பாட்டிலைக் குலுக்கிவிட்டு, உலர்ந்த கரண்டியால் அந்த எடைக்கு எடுத்தால் போதும். இறுக மூடி வைத்து இரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். அதற்கு மேல் போனால் எடுப்பதற்கு முன் ஒரு கரண்டிக் கலவையை வெந்நீரில் போட்டு, சீறுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.